மேரு என்று எழுதத் தெரியாத போன்

18 செப்டம்பர் 2010, சனி

நோன்புப் பெருநாள் முடிந்து எட்டு நாள் ஆகியும் லோ யாட் பிளாசாவில் கூட்டம் குறையவில்லை. ஸ்மார்ட்போன் வாங்க ஏழு கடை ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் ஒரே கேள்விதான்: 'மலேசியா செட்'டா, 'ஏபி செட்'டா? முன்னதற்கு ஓராண்டு உத்தரவாதம். பின்னது வெளிநாட்டுச் சரக்கு. 150 வெள்ளி மலிவு, உத்தரவாதம் கடைக்காரரின் வாய்ச்சொல்தான். நெடுநேரம் யோசித்துவிட்டு மலேசியா செட்டையே எடுத்தேன். 1,080 வெள்ளி, என் அரை மாதச் சம்பளம். கடைப்பையன் திரைக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டும்போது ஓரத்தில் ஒரு காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டது. அதற்குச் சமாதானமாக ஒரு ரப்பர் உறையை இலவசமாகக் கொடுத்தான்.

எங்கள் ஊர் மேருவுக்கு வந்து சேர இரவு எட்டரை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். காப்பார் பக்கம் கித்தாத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்தவர். இன்றைக்கும் தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை ஒரு வரி விடாமல் வாசிப்பார்.

"இதுல பேப்பர் படிக்கலாமா?"

"எல்லாமே படிக்கலாம்மா."

ஒரு தமிழ்ச் செய்தித்தளத்தைத் திறந்து நீட்டினேன். படங்கள் வந்தன. தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னச் சதுரங்கள்.

"என்னடா, எல்லாம் சன்னல் சன்னலா இருக்கு?"

போனைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், அணைத்துப் போட்டும் பார்த்தேன். சீனச் செய்தித்தளம் அச்சுப் பிசகாமல் வந்தது. மலாய் வந்தது, ஆங்கிலம் வந்தது. தமிழுக்கு மட்டும் சன்னல்.

21 செப்டம்பர் 2010, செவ்வாய்

காலை ஐந்தரைக்கு மின்னூட்டம் நூற்றுக்கு நூறு. மோட்டாரில் கிள்ளான் நிலையம், அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல், பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் அலுவலகம். பத்து மணிக்கு 71. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு 40. திரும்பும்போது பத்து தீகா நிலையத்தில் போன் கண்ணை மூடிவிட்டது. ஷா ஆலம், பாடாங் ஜாவா, புக்கிட் பாடாக் மூன்றையும் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கடந்தேன்.

பழைய ஹேண்ட்போன் ஞாயிறன்று சார்ஜ் போட்டால் வியாழன் வரை தாங்கும். இது சும்மா கிடக்கும்போதும் வேலை செய்துகொண்டே இருக்கிறது: மின்னஞ்சல் வந்ததா என்று பார்க்கிறது, ரயில் ஓட ஓட அடுத்த கோபுரத்தைத் தேடுகிறது, 3ஜி கிடைக்காத இடத்தில் 2ஜிக்கு இறங்கி மறுபடி ஏறப் பார்க்கிறது. நேற்றிரவு போட்ட 10 வெள்ளி டாப்-அப்பும் விடிவதற்குள் காலி. நான் தூங்கும்போது அது விழித்திருந்து செலவழித்திருக்கிறது. இன்றிலிருந்து படுக்கப் போகும்முன் வீட்டுக் கதவைப் பூட்டுவது போல டேட்டாவையும் அணைக்க வேண்டும்.

6 அக்டோபர் 2010, புதன்

அலுவலகத்தில் கணினி பார்த்துக்கொள்ளும் சென்னைத் தம்பியிடம் சன்னல் கதையைச் சொன்னேன். சிரித்தார். "அண்ணே, ஓபெரா மினி போடுங்க. முகவரி அடிக்கிற இடத்துல 'ஓபெரா கான்ஃபிக்'னு அடிங்க. கடைசியில ஒரு வரி இருக்கும், சிக்கலான எழுத்துக்குப் படம் பயன்படுத்தவான்னு கேக்கும். ஆமான்னு வைங்க."

வைத்தேன். தமிழ் வந்துவிட்டது!

எப்படி என்று அவரே விளக்கினார். போனுக்குத் தமிழ் இன்னும் தெரியாது. எங்கோ இருக்கும் ஓபெராவின் கணினி பக்கத்தைப் படித்து, தமிழ் எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்புகிறது. போன் அந்தப் படத்தை ஒட்டிக் காட்டுகிறது, அவ்வளவுதான். படிக்கத் தெரியாதவர் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வதைப் போல. படம் என்பதால் டேட்டாவும் கூடுதலாகத் தின்கிறது.

மற்ற செயலிகளில் சன்னல் அப்படியே இருக்கிறது. பேஸ்புக்கில் சன்னல், குறுஞ்செய்தியில் சன்னல். ஜூன் மாதம் கோவைச் செம்மொழி மாநாட்டில் தமிழக அரசே யூனிகோடை ஏற்றுக்கொண்டதாகப் படித்தேன். தமிழ் இணைய மாநாடு 2001-லேயே நம் கோலாலம்பூரில் நடந்தது. 'முரசு அஞ்சல்' கண்ட முத்து நெடுமாறன் இந்த ஊர்க்காரர். அவருடைய 'செல்லினம்' சில ஆண்டுகளுக்கு முன்பே பட்டன் போன்களில் தமிழ் எழுத வைத்தது. அரை மாதச் சம்பளம் கொடுத்து வாங்கிய புதுப்போனில்தான் நான் பின்னுக்குப் போயிருக்கிறேன்.

இரவு அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நாலு வரி படித்தார். "எழுத்து எறும்பு மாதிரி இருக்குடா. பேப்பரே வாங்கிட்டு வா."

27 அக்டோபர் 2010, புதன்

பிரிக்ஃபீல்ட்ஸ் 'லிட்டில் இந்தியா' திறப்பு விழா. இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் பிரதமர் நஜிப்பும் வந்தார்கள். சாலையை அடைத்துவிட்டதால் அலுவலகத்தில் பாதிப் பேர் வெளியேதான் நின்றோம். நானும் கையை உயர்த்திப் படம் எடுத்தேன். பதினெட்டுப் படம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினால் ஒவ்வொன்றிலும் பதினைந்து கைகளும் பதினைந்து போன்களும்.

"பிரதமர் எங்கடா?"

"இந்தக் கைக்குப் பின்னாலம்மா."

பதினெட்டாவது படத்தோடு நினைவகம் நிறைந்துவிட்டது என்று போன் எச்சரித்தது. கைகள் சற்றுத் தெளிவாக விழுந்த ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை அழித்தேன்.

4 நவம்பர் 2010, வியாழன்

நாளை தீபாவளி. சாயங்காலத்திலிருந்து போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. எல்லாமே ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். சிங்கப்பூர் நண்பன் ஒருவன் மட்டும் நிஜத் தமிழில் அனுப்பினான். எனக்கு வந்தது நாலு வரிச் சன்னல். தேதியை வைத்து அது வாழ்த்தாகத்தான் இருக்கும் என்று ஊகித்து, "உனக்கும்" என்று பதில் போட்டேன். சற்று நேரத்தில் அவனே கூப்பிட்டான். அவனுடைய மாமனார் இறந்துவிட்டார், இந்த வருடம் பண்டிகை இல்லை என்பதுதான் செய்தியாம்.

என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். "பரவால்லலா, உன் போன் அப்படி" என்று அவன்தான் என்னைத் தேற்றினான்.

தமிழில் அனுப்புவதற்கே பலர் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து கொள்ளும். தமிழ் யூனிகோடில் 70தான். அதிலும் 'கொ' என்று அடித்தால் 'க'வுக்கு ஒன்று, கொம்புக்கும் காலுக்கும் சேர்த்து ஒன்று என இரண்டாக எண்ணிவிடும். ஒரு செய்தி சொல்ல இரண்டு மூன்று செய்திக் காசு போகும். தாய்மொழியில் துக்கம் சொன்னவன் அந்தக் கூடுதல் காசையும் கொடுத்துத்தான் சொல்லியிருக்கிறான்.

20 ஜனவரி 2011, வியாழன்

தைப்பூசம். போன ஜூலையில்தான் கொமுட்டர் பத்துமலை வரை நீண்டது. மோட்டாரும் வேண்டாம், கார் நிறுத்த இடமும் தேட வேண்டாம் என்று அம்மாவை ரயிலில் கூட்டிப் போனேன். காவடிக் கூட்டம் ஒரு முறை அலைந்ததில் அம்மாவின் கை நழுவிவிட்டது.

அம்மாவிடம் பழைய பட்டன் போன் இருந்தது. கூப்பிட்டேன். போகவில்லை. பத்துத் தடவை கூப்பிட்டும் போகவில்லை. அத்தனை லட்சம் பேர் நிற்கும் இடத்தில் கோபுரம் என்ன செய்யும்? குறுஞ்செய்தி மட்டும் எப்படியோ போனது: "ம்மா, ரயில் ஸ்டேஷன்கிட்ட அனுமார் சிலைக்குக் கீழ நில்லுங்க." அனுப்பிய பிறகுதான் உறைத்தது. ஆங்கில எழுத்தில் அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது.

அனுமார் சிலைக்கு ஓடினேன். நாற்பது நிமிடம். கடைசியில் அம்மா கையிலிருந்த ஒரு பை மோரை உறிஞ்சிக்கொண்டு சாவகாசமாக வந்தார்.

"எப்படிம்மா தெரிஞ்சுச்சு?"

"பால்குடம் எடுத்த ஒரு பொண்ணுகிட்ட நீட்டினேன். படிச்சுச் சொல்லுச்சு. நல்ல பொண்ணு." பிறகு கொஞ்சம் நடந்துவிட்டுச் சொன்னார்: "நானும் எழுத்துத் தெரிஞ்சவதான்யா. பெத்த புள்ள அனுப்புனத அடுத்தவங்க படிச்சுச் சொல்ல வேண்டியதாப் போச்சு."

ரயிலில் கிள்ளான் வரை அம்மா தூங்கினார். நான் தூங்கவில்லை.

13 பிப்ரவரி 2011, ஞாயிறு

சென்னைத் தம்பி சொல்லித்தந்தபடி போனை 'ரூட்' செய்தேன். உத்தரவாதம் போய்விடும் என்று தெரிந்தே செய்தேன். உள்ளே எழுத்துரு வைத்திருக்கும் இடத்தில் ஒன்றை எடுத்துவிட்டுத் தமிழ் உள்ள ஒன்றை வைத்தேன். போன் அணைந்து உயிர்பெற ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடமும் 1,080 வெள்ளி கண்முன் நின்றது.

சன்னல் போயே போய்விட்டது. எழுத்து வந்தது. ஆனால் வந்த எழுத்து குடித்துவிட்டு வந்தது போல வந்தது. எங்கள் ஊர்ப் பெயரைத் தேடிப் பார்த்தேன். முதலில் 'ம' நிற்கிறது. அதற்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் நிற்கிறது. அடுத்து 'ர'. அதன் உகரம் தனியே கழன்று பக்கத்தில் கிடக்கிறது. மேரு என்ற இரண்டே எழுத்து, நாலு துண்டு.

தம்பியைக் கூப்பிட்டேன். "எழுத்துரு மட்டும் போதாதுண்ணே. கணினிக்குள்ள முதல்ல 'ம', அப்புறம்தான் கொம்புன்னு இருக்கும். அதை முன்னால தூக்கி வைக்கவும், 'ர'வையும் உகரத்தையும் சேர்த்து 'ரு' ஆக்கவும் தனியா ஒரு நிரல் வேணும். அது இந்த ஆண்ட்ராய்டுல இல்ல."

அச்சுக்கூடத்துக்கு ஈய எழுத்து வந்துவிட்டது, கோக்கிறவர் வரவில்லை. எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டேன். தப்புத் தப்பாகப் படிப்பதற்குச் சன்னலே மேல்.

14 ஏப்ரல் 2013, ஞாயிறு

சித்திரைப் புத்தாண்டு. மேரு சாலை நெடுகத் தேர்தல் கொடிகள். நாடாளுமன்றம் கலைந்து பதினொரு நாளாகிறது. எல்லார் போனிலும் அரசியல் வந்து கொட்டுகிறது.

போன மாதம் என் கூடப்பிறந்த தம்பி, அரசாங்கம் இளைஞர்களுக்குத் தரும் 200 வெள்ளிக் கழிவில் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினான். 500 வெள்ளிக்குள் இருக்கும் போனுக்குத்தான் அந்தக் கழிவு. இரண்டே வாரத்தில் அவனுக்கு அது சின்னதாகிவிட்டது. வேறு வாங்கிக்கொண்டு இதை அம்மாவிடம் தள்ளிவிட்டான். ஆண்ட்ராய்டு 4.0. என் பழைய போனின் விலையில் பாதிகூட இல்லை. அம்மா தமிழ்ச் செய்தித்தளத்தைத் திறந்தார். கொம்பு முன்னால், கால் பின்னால், எல்லாம் ஒழுங்காக அதனதன் இடத்தில். எழுத்தையும் எறும்பிலிருந்து பட்டாணி அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தேன். "இது படிச்ச போன்" என்றார்.

என் பழைய போன் சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. காதுக்குழாயைச் செருகினால்தான் வானொலி எடுக்கும், அந்த ஒயர்தான் அதற்கு ஏரியல் என்பதால், அறுந்த காதுக்குழாய் ஒன்றை நிரந்தரமாகச் செருகி வைத்திருக்கிறேன். விடிகாலையில் அலாரம் அடிக்கும், பிறகு மின்னல் எஃப்எம் பாடும். சார்ஜ் ஒயரிலிருந்து பிரித்தால் பத்து நிமிடம்தான்.

இன்று காலை என்னுடைய புதுப்போனில் செல்லினத்தை இறக்கிக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்தபடி அடுப்படியில் இருந்த அம்மாவுக்கு முதல் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்பினேன். உள்ளே மணி அடித்தது. சட்டியில் கரண்டிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்தார்.

"வாள்த்துன்னு எழுதியிருக்க. நல்ல நாளும் அதுவுமா அம்மாவ வாள் எடுத்து வெட்ட வர்றியா?"

வாங்கிப் பார்த்தேன். 'புத்தான்டு வாள்த்துகள்' என்று இருந்தது. இரண்டே வார்த்தையில் இரண்டு பிழை. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். பல வருடமாக ல, ள, ழ மூன்றையும் ஒரே ஆங்கில எழுத்தால் தட்டிப் பழகிய விரல், தேர்ந்தெடுக்கச் சொன்னதும் கைக்கு வந்ததை எடுத்திருக்கிறது.

"மறுபடி எழுது" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனார். இரண்டாம் முறை 'ழ' சரியாக விழுந்தது, 'ண்'ணில் மாட்டினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "இன்னும் ஒண்ணு இருக்கு." மூன்றாம் முறை அனுப்பியதற்குத்தான் பாயசம் வந்தது.