சிறுவீடு

நாச்சியார் திருமொழியின் 14 பதிகங்களுள் இரண்டாவது, ஒரு மணல்வீட்டைப் பற்றியது. ஆயர்பாடிச் சிறுமியர் தெருவிலே சிற்றில் இழைக்கின்றனர். கண்ணன் வந்து அதைக் கலைக்கப் பார்க்கிறான். கலைக்காதே என்று அவர்கள் மன்றாடுகின்றனர். முதுகு நோகக் குனிந்திருந்து கட்டிய வீடு இது, முதலில் இதைக் கண்ணால் நன்றாகப் பார் என்று ஓரிடத்தில் கேட்கிறார்கள். உரையாசிரியர்கள் இப்பதிகத்திற்கு ஆழ்ந்த உட்பொருள்கள் கண்டிருக்கின்றனர். அவை ஒருபுறம் இருக்க, அந்த முதுகுவலி மெய்யான முதுகுவலி. மணலில் உட்கார்ந்து வீடு கட்டியவளுக்கே அது தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருவில் கோதையும் தன் வயதுப் பிள்ளைகளோடு ஒருநாள் அப்படி உட்கார்ந்திருக்க வேண்டும்.

சிற்றில் தமிழுக்குப் பழைய செய்தி. கலித்தொகையில் ஒரு தலைவி, சிறுவயதில் தெருவில் தான் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்த குறும்பனை நினைவுகூர்கிறாள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்று சிற்றிற் பருவம். பகழிக்கூத்தர் பாடிய திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழிலும் சிறுமியர் செந்திலாண்டவனிடம் இதே வேண்டுகோளை வைக்கின்றனர். இவற்றிலெல்லாம் கட்டுகிறவள் பெண், கலைக்கிறவன் ஆண். ஆண்பிள்ளைகள் கட்டவே மாட்டார்கள் போலும் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு அன்று என்பதற்குப் பெரியபுராணம் சான்று.

திருச்சேய்ஞலூரில் பிறந்த விசாரசருமர், பசுக்களை மேய்ப்பவன் அடிப்பதைக் காணப் பொறாமல் அந்தப் பணியைத் தாமே ஏற்றவர். மண்ணியாற்றங்கரையில் ஆத்தி மரத்தடியில் மணலால் சிவலிங்கத் திருமேனி அமைக்கிறார். அதோடு நிற்கவில்லை. கோயில் எடுக்கிறார், உயர்ந்த கோபுரம் எடுக்கிறார், சுற்றாலயமும் வகுக்கிறார். எல்லாம் மணலில். அவ்விடத்தில் சேக்கிழார் பெருமான் ‘விளையாட்டு’ என்ற சொல்லையே ஆள்கிறார் என்பது ஊன்றிக் கவனிக்கத் தக்கது. ஊரார் கண்ணுக்கு அது பாலை வீணாக்கும் சிறுபிள்ளைத்தனம். தந்தை எச்சதத்தர் வந்து திருமஞ்சனப் பாற்குடத்தைக் காலால் இடறிச் சிந்தினார். பின்னர் நிகழ்ந்தது அனைவரும் அறிந்ததே. அந்தச் சிறுவரே சண்டேசுர நாயனார். இறைவன் உமையோடு எழுந்தருளி அவர் தலையில் தன் மாலையைச் சூட்டும் சிற்பம், பதினோராம் நூற்றாண்டில் இராசேந்திர சோழன் எடுத்த கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் வடபுற வாயிலருகே இருக்கிறது. சிவாலயம்தோறும் அவர் சந்நிதியில் நின்று கைதட்டுகிறோமே தவிர, மணலில் கோபுரம் கட்டிய பிள்ளை அவர் என்ற நினைவு எத்தனை பேருக்கு வருகிறதோ!

ஏட்டில் மட்டும் இருந்து மறைந்த வழக்கமன்று சிற்றில். திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரங்களில் அது இன்றும் ‘சிறுவீட்டுப் பொங்கல்’ என்ற பெயரில் தை மாதத்தில் நடக்கிறது. மார்கழி முழுவதும் விடியற்காலையில் வாசலில் கோலமிட்டு, சாண உருண்டைகளில் பூசணிப்பூவும் செம்பருத்தியும் செருகி வைப்பார்கள். மாலையில் அந்தச் சாணத்தைப் பூவோடு சேர்த்துச் சிறு வரட்டியாகத் தட்டிக் காயவைப்பார்கள். தை பிறந்து பெரிய பொங்கல் முடிந்தபின், ஒரு நல்ல நாள் பார்த்து, வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கென்று முற்றத்திலோ வாசலிலோ களிமண்ணால் சிறுவீடு எழும்பும். கூடம், அடுக்களை, பூசையறை, திண்ணை, வாசற்படி எல்லாம் அதில் உண்டு. கூரை கிடையாது. மேலிருந்து பார்த்தால் வீடு முழுவதும் தெரியும். அதன்முன் சிறுபானையில் பொங்கலிட்டு, பிள்ளையாருக்குப் படைத்து, பூவரட்டிகளின்மேல் சிறிது பொங்கலும் ஏற்றிய கர்ப்பூரமும் வைத்து ஆற்றிலோ குளத்திலோ விடுவார்கள். இப்போது பல வீடுகளில் மண் போய், தரையில் கோலமாவினால் அறைகளை வரைந்துவிடுகிறார்கள். வரைந்த வீடும் அழகுதான். ஆயினும் வரைந்த சுவர் இடிந்து விழுவதில்லை. இடிந்து விழாத சுவரிலிருந்து பிள்ளை கற்றுக்கொள்வதற்கு என்ன இருக்கிறது?

மண்சுவர் பலவற்றைச் சொல்லித் தரும். உலர்ந்த மணல் குவியுமே அல்லாமல் நிற்காது. ஈரம் கூடினால் சரிந்து உட்காரும். வெறுங் களிமண் நன்றாக நிற்கும், ஆனால் மறுநாள் வெயிலில் வெடித்துவிடும். மணலும் சிறிது உமியும் கலந்து பிசைந்தால் வெடிப்பு குறையும். சுவர் உயர வேண்டுமானால் அடி அகலமாக இருக்க வேண்டும். வாசலுக்குமேல் மண்ணை வைத்தால் விழும், குறுக்கே இரண்டு ஈர்க்குச்சி கிடத்தி அதன்மேல் வைத்தால் தாங்கும். இவற்றை ஐந்து வயதுப் பிள்ளைக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முயன்றால் இருவருக்கும் களைப்புதான் மிஞ்சும். மூன்று முறை விழுந்த சுவரை நான்காம் முறை அந்தப் பிள்ளை தானாகவே அகலமாக வைக்கும்.

தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு சிற்றூரில், சில ஆண்டுகளுக்குமுன் அப்படி ஒரு சிறுவீடு எழும்பியது. அந்த வீட்டில் ஆச்சி மட்டும் தனியே இருந்தார். தாத்தா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் சென்னையில் வேலை. பேத்திக்கு ஆறு வயது. பேத்தி ஊரில் இல்லாத குறையை நீக்க, மார்கழி முப்பது நாளும் அவள் பெயரால் ஆச்சியே பூ வைத்து வரட்டி தட்டியிருந்தார். அந்தப் பொங்கலுக்குக் குடும்பம் முழுவதும் வந்திருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. பழைய வீட்டை விற்றுவிடுவதென்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. விற்றபின் ஆச்சி சென்னைக்கு வந்துவிட வேண்டும் என்பது மகனின் விருப்பம். ஆச்சி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துகொள்வார். பிள்ளைக்கு இவையெல்லாம் தெரியாது என்று பெரியவர்கள் நினைத்தனர். பெரியவர்கள் எப்போதும் நினைப்பதுதான்.

குளத்தங்கரையிலிருந்து ஒரு கூடை களிமண் வந்தது. ஆச்சி அதைப் பிசைந்து கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். சிறுமி முற்றத்தில் மண்டியிட்டுச் சுவர் வைக்கத் தொடங்கினாள். ஒரு சுவர் வளைந்தது, இன்னொன்று பாதியில் நின்றது. உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை வந்து பார்த்தார். அவர் கைவேலையில் தேர்ந்தவர். தெருவிலேயே அவர் வீட்டுச் சிறுவீடுதான் ஆண்டுதோறும் எல்லாரும் வந்து பார்க்கும்படி அமையும். ‘இப்படியா வைப்பார்கள்’ என்று அன்போடு குனிந்து, கொத்துக்கரண்டியால் சுவர்களைச் செதுக்கி, நூல் பிடித்தாற்போல் நேராக்கினார். கால்மணி நேரத்தில் வீடு வீடாகிவிட்டது. சிறுமி எழுந்து, மண் அப்பிய கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். அழவில்லை. அது தன்னுடையதன்று என்பதுபோல் நின்றாள்.

ஆச்சி திண்ணையிலிருந்தே சொன்னார்: “அவ கட்டட்டும்மா. நீ வந்து இப்படி உட்காரு.”

அத்தைக்கு முகம் சற்று வாடத்தான் செய்தது. ஆனாலும் வந்து உட்கார்ந்தார். அந்த இடத்தில் அவர் காட்டிய பொறுமையைச் சிறிதாக எண்ணலாகாது. நன்றாகச் செய்யத் தெரிந்த கையைக் கட்டிக்கொண்டிருப்பது, செய்வதைக் காட்டிலும் கடினம்.

சிறுமி சிறிது நேரம் நேரான சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பக்கச் சுவரை முழுவதுமாகப் பெயர்த்தெடுத்தாள். அந்த மண்ணை மீண்டும் நனைத்துப் பிசைந்து, கூடத்தை ஒட்டி வெளியே தள்ளி, கோணலாக ஓர் அறை வைத்தாள். வாசலுக்கு மேலே மண் இருமுறை விழுந்தது. மூன்றாம் முறை விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவிக்கொண்டு வந்தாள். அதை யாரும் சொல்லித் தரவில்லை. அறை முடிந்ததும் திண்ணைக்கு வந்து, வெற்றிலைச் செல்லத்துக்குள் இருந்த சிறு சுண்ணாம்பு டப்பியைக் கேட்காமலே எடுத்துப்போய் அதனுள் வைத்தாள்.

“இது யார் அறைடா கண்ணு?” என்று தந்தை கேட்டார்.

“ஆச்சிக்கு.”

“நம் வீட்டில் ஆச்சி அறை அந்தப் பக்கமல்லவா இருக்கிறது, அடுக்களைக்குப் பின்னால்?”

“இது இந்த வீடில்லப்பா. சென்னை வீடு.”

அதுவரை அவள் பழைய வீட்டைத்தான் கட்டுகிறாள் என்று எல்லாரும் எண்ணியிருந்தனர். சென்னையில் அவர்கள் இருந்த அடுக்குமாடி வீட்டுக்குப் படுக்கையறை இரண்டுதான். மண்ணில் மூன்று இருந்தன. தந்தை மறுமொழி சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆச்சியை எங்கே தங்கவைப்பது என்று கணவனும் மனைவியும் இரவுகளில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டவை அவர் நினைவுக்கு வந்திருக்கலாம்.

ஆச்சி இறங்கி வந்து சிறுவீட்டின் அருகில் குந்தி அமர்ந்தார். முழங்கால் வலி உள்ளவர், எளிதில் குந்துவதில்லை. மேலிருந்து அறை அறையாகப் பார்த்தார். கடைசியில், “எல்லாம் இருக்கு. முற்றம் எங்கட்டி?” என்றார்.

சிறுமி யோசித்தாள். சென்னை வீட்டில் முற்றம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அவள் கூடத்துச் சுவரை ஒரு கையகலம் இடித்து, அங்கே மண்ணைத் தட்டிச் சமமாக்கி, நடுவில் ஒரு துளசி இலையை ஊன்றினாள். ஆச்சி அதையும் பார்த்தார். “சரி, அப்போ வரலாம்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மகனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் காலை, காய்ந்த சுவர்களுக்குச் சுண்ணாம்பும் காவியும் அடித்தார்கள். கோடு போடும் பொறுப்பு அத்தைக்குக் கிடைத்தது. அத்தை தீட்டிய காவிப்பட்டை கோணல் சுவரையொட்டிக் கோணலாகவே போயிற்று. பனையோலை வைத்து எரித்துச் சிறுபானையில் பொங்கல் பொங்கியது. மாலையில் பூவரட்டிகளைத் தட்டில் அடுக்கி ஆற்றுக்கு எடுத்துச் சென்றனர். பதினொன்றை மட்டும் ஆச்சி தனியே எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொண்டார்.

வீடு சித்திரையில் கைமாறியது. அடுத்த தையில், சென்னையில் மூன்றாம் மாடி வீட்டின் கூடத்தில் ஒரு பகுதி பெரிய மர அலமாரியால் தடுக்கப்பட்டு அறையாகியிருந்தது. சன்னலோரத்தில் துளசித்தொட்டி. மொட்டைமாடியில், தண்ணீர்த்தொட்டியின் நிழலில், ஆச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்தார். ஏழு வயதுச் சிறுமி பழைய கோலப்பலகை ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் களிமண் பரப்பினாள். பிள்ளையார் சதுர்த்திக்கு மண்பிள்ளையார் செய்யும் குயவரிடமிருந்து இரண்டு படி மண் வாங்கி வந்திருந்தார்கள். கீழ்வீட்டுப் பையன் ஒருவனும் சேர்ந்துகொண்டான். அவனுக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமாம். பூசையறைக்குப் பக்கத்தில் கார் நிற்கலாமா கூடாதா என்று இருவருக்கும் நெடுநேரம் வழக்கு நடந்தது. ஆச்சி தீர்ப்புச் சொல்லவில்லை. முடிவில் கார் வாசலில் நின்றது, அதற்கு மேலே இரண்டு ஈர்க்குச்சியில் ஒரு பந்தலும் வந்தது.

பொங்கல் படைத்தாயிற்று. அருகில் ஆறு இல்லை. பிஸ்கட் டப்பாவில் ஓராண்டு காத்திருந்த பதினொரு வரட்டிகளையும் ஒரு வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒவ்வொன்றின்மேலும் கர்ப்பூரம் ஏற்றினர். அவை ஊறிக் கரைந்தபின், பிள்ளைகள் இருவரும் வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியிறங்கி வந்து, அந்த நீரைத் துளசித்தொட்டியில் ஊற்றினார்கள்.