மிச்சத் தோலும் மிகைச் சொல்லும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

விளம்பரம் எழுதுவது வேதியியல் மாணவனுக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சென்ற தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஒரு துண்டு நோட்டீஸ். உள்ளங்கை அகலத் தாள். அதில் பத்து வரி. அந்தப் பத்து வரிக்கு நான் பட்ட பாடு, எந்தப் பருவத் தேர்வுக்கும் பட்டதில்லை.

நான் ஆம்பூர்க்காரன். ஆம்பூர் என்றதும் நண்பர்கள் பிரியாணி என்பார்கள். எங்களுக்கோ முதலில் தோல். பிரியாணி எல்லாம் சம்பள நாளுக்குப் பிறகு. 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆனால் வாணியம்பாடியிலிருந்து இராணிப்பேட்டை வரை பேருந்தில் கண்ணை மூடிக்கொண்டு வந்தால், எந்த மாவட்டம் என்று மூக்குக்குத் தெரியாது! என் அப்பா டேனரியில் டிரம்மில் வேலை செய்கிறார். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். நானும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஒரு வருடம் ஷூ கம்பெனியில் பசை தடவினேன். வகுப்பில் எல்லோருக்கும் ஒரு வயது அண்ணனாக நான் உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கும் முன்பே 'படிச்சவன்' என்ற பட்டத்தைத் தெரு எனக்குக் கொடுத்துவிட்டது. ரேஷன் கார்டு மனு, வங்கிப் படிவம், கல்யாணப் பத்திரிகையில் பிழை திருத்தம், எல்லாம் என் தலையில்தான். அந்த வரிசையில்தான் கடைவீதி பாய் என்னைக் கூப்பிட்டார்.

அவருடையது சிறிய கடை. பர்ஸ், பெல்ட், சாவிக்கொத்து. ஷூவுக்கு வெட்டியது போக மிஞ்சும் தோல் துண்டுகளைக் கம்பெனிகளில் எடை போட்டு வாங்கி வந்து, இரண்டு தையற்காரர்களை வைத்துப் பர்ஸ் தைத்து விற்கிறார். "தம்பி, தீபாவளி வருது. ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடு. படிக்கிறவன் மனசு சாயணும். ஐந்நூறு ரூபா தரேன்" என்றார். என் தேர்வுக் கட்டணத்தில் பாதிக்கு மேல் அது ஆகும். உடனே ஒப்புக்கொண்டேன்.

அன்றிரவே எழுதியும் முடித்தேன். 'தரமே எங்கள் தாரக மந்திரம். நம்பிக்கையின் மறுபெயர். கலைநயமும் கைவண்ணமும் கைகோக்கும் இடம். இயற்கையான தோல், சுற்றுச்சூழலுக்கு உகந்தது.' எப்படி இவ்வளவு விரைவில் முடிந்தது என்கிறீர்களா? கைப்பேசியில் பத்து பர்ஸ் விளம்பரங்களைப் பார்த்தேன். போதாதற்கு, கேட்டால் கேட்டபடி எழுதித் தரும் வசதியும் அதில் இப்போது வந்துவிட்டதே! நொடியில் இருபது வாசகம். நல்லதாக நாலைப் பொறுக்கினேன். பாய்க்குப் படித்துக் காட்டினேன், அவருக்கும் பிடித்துவிட்டது.

அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர் அவர். எழுத்துக் கூட்டி, விரலை வைத்து, வரி வரியாகப் படித்தார். "இதுல பர்ஸ் எங்கடா கீது?" என்றார். மறுபடி பார்த்தேன். கடைப் பெயரை எடுத்துவிட்டால் அந்த நோட்டீஸை மளிகைக் கடைக்கும் ஒட்டலாம், மருந்துக் கடைக்கும் ஒட்டலாம். அப்பா விரல் கடைசி வரிக்கு வந்தது. "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று படித்தவர், என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது நம்ம கிணத்துக்குத் தெரியுமா?"

அவ்வளவுதான் கேட்டார். சாப்பிடப் போய்விட்டார். கிணற்றுக்குப் பிறகு வருகிறேன்.

மறுநாள் கல்லூரியில் ஆங்கிலத் துறை விரிவுரையாளர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, கிளாட் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்க விளம்பர எழுத்தாளரைப் பற்றிச் சொன்னார். 1927-ல் தன் தொழில் வாழ்க்கையை ஹாப்கின்ஸ் ஒரு நூலாக எழுதினார். மில்வாக்கி நகரத்து ஷ்லிட்ஸ் என்ற பீர் கம்பெனிக்கு அவர் விளம்பரம் எழுதப் போன கதை அதில் இருக்கிறது. பீர் கதையை மலரில் எழுதுவதற்குப் பெரியோர் மன்னிக்க வேண்டும். அக்காலத்தில் எல்லா பீர் கம்பெனியும் 'சுத்தமானது' என்ற ஒரே சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டிருந்தன. ஹாப்கின்ஸ் மேசையில் உட்கார்ந்து அதைவிடப் பெரிய சொல் தேடவில்லை. ஆலைக்குள் போய்ப் பார்த்தார். பாட்டில்களை எந்திரத்தில் திரும்பத் திரும்பக் கழுவுகிறார்கள். கண்ணாடி அறைக்குள் வடிகட்டிய காற்றில் பீரைக் குளிர வைக்கிறார்கள். தண்ணீருக்கு ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் கிணறு. இதையெல்லாம் ஏன் சனங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். எல்லா ஆலையும் இப்படித்தானே செய்கிறது, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றார்களாம். ஹாப்கின்ஸ் அதையே எழுதினார். தொழிலில் இருப்பவனுக்குப் பழகிப் புளித்தது, வாங்குபவனுக்குப் புத்தம் புதிது!

எனக்குப் பொறி தட்டியது. எங்கள் வீட்டிலேயே ஓர் ஆலை இருக்கிறதே! அன்றிரவு அப்பாவைத் துளைத்தேன். டிரம்மில் குரோம் ஏற்றிய பிறகு தோல் பழுத்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்றேன். "ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணியில போடுவோம். சுருங்கினா இன்னும் ஓடணும். சுருங்காம நின்னா ஆச்சு" என்றார். பாடப் புத்தகத்தில் நான் படித்த கொலாஜன் இதுதான்! பச்சைத் தோலின் கொலாஜன் நார்கள் அறுபது, அறுபத்தைந்து டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே சுருண்டுவிடும். குரோமிய அயனிகள் அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால் நூறு டிகிரியையும் தாங்கும். நான் இரண்டு வருடமாகக் கரும்பலகையில் பார்த்ததை அப்பா இருபது வருடமாகக் கையால் செய்துகொண்டிருக்கிறார். இருவரும் இதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

உடனே எழுதினேன்: 'கொதிநீரில் சோதித்த தோல்!' நானே ஹாப்கின்ஸ் ஆகிவிட்டதாக நினைப்பு. பாய் படித்துவிட்டுத் தாடியைத் தடவினார். "தம்பி, பர்ஸை எவனாவது வேக வைப்பானா?"

கடையில் இருந்த தையற்காரர்களும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கியது. குரோம் ஏறாத தோல் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாய் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் சொன்னது உண்மை, பிறர் சொல்லாதது; ஆனாலும் யாரும் கேட்காத கேள்விக்கு விடை. பீர் குடிப்பவனுக்கு அது சுத்தமா என்ற பயம் இருந்தது. அதனால் பாட்டில் கழுவிய கதை எடுபட்டது. பர்ஸ் வாங்குபவனுக்கு என்ன பயம்? அது எனக்குத் தெரியாது.

ஆகவே மூன்று நாள் மாலையில் கடையில் போய் ஓரமாக உட்கார்ந்தேன். வந்தவர்கள் பேசியதைப் பழைய செய்முறை நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். ஒருவர்கூடத் தாரக மந்திரத்தைக் கேட்கவில்லை. ஒருவர் பர்ஸை முகர்ந்தார். ஒருவர் தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டு, பாயின் முகத்தைப் பார்த்து, சும்மா இருந்துவிட்டார். "இது ஒரிஜினல் தோலா, ரெக்சினா?" இது ஏழு பேர். "ஒரிஜினல்னா எப்படி இவ்வளவு கம்மி விலை?" இது ஐந்து பேர். தையல் பிரியுமா என்று இரண்டு பெண்கள். ஒரு பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, விலை குறைவு என்பதாலேயே வாங்காமல் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், நோட்டீஸை அவருக்குத்தான் எழுத வேண்டும் என்று பட்டது.

பர்ஸுகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓரம் முழுக்கச் சாயம் பூசி மழமழவென்று முடித்திருந்தார்கள். சாயம் பூசாத ஒரு துண்டை எடுத்து வெட்டு முனையைப் பார்த்தால், நெருக்கமான நார். ரெக்சினை வெட்டினால் மேலே பிளாஸ்டிக், அடியில் துணி. பாயின் பர்ஸ் தோல்தான் என்பதற்குச் சாட்சி பர்ஸிலேயே இருக்கிறது. அழகுக்காக அதன் வாயைச் சாயத்தால் அடைத்துவிட்டோம்! ஒரே ஓரத்தைப் பூசாமல் விடலாமா என்றேன். தையற்காரருக்குப் பிடிக்கவில்லை, அரைகுறை வேலை போலத் தெரியும் என்றார். பாய் யோசித்துவிட்டு, உள்பக்க மடிப்பில் ஓர் ஓரத்தை மட்டும் விடச் சொன்னார்.

தையல் விஷயம் அம்மாவிடமிருந்து வந்தது. இத்தனை வருடமாக அம்மா வேலையைப் பற்றிப் பேசினால் முதுகுவலியைப் பற்றித்தான் பேசுவார். அன்று நானாகக் கேட்டதும் ஊசியைப் பற்றிப் பேசினார். "துணின்னா பிரிச்சுத் தைக்கலாம்டா. தோல்ல குத்தின ஓட்டை மூடாது. ஒரு தடவ தப்பா ஓடிட்டா அந்தப் பீஸே போச்சு. அதான் கண்ணை எடுக்காம தைக்கணும்." இதை அம்மா பெருமையாகச் சொல்லவில்லை. சோறு வடித்துக்கொண்டே சொன்னார். நான் நோட்டை எடுத்து வந்து எழுதுவதைப் பார்த்ததும், "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று வெட்கப்பட்டார்.

மிஞ்சியது விலை. இங்கேதான் எனக்கும் பாய்க்கும் தகராறு. விலை ஏன் குறைவு? மிச்சத் துண்டில் தைப்பதால். வெளிநாட்டுக்குப் போகும் ஷூவுக்காகத் தேர்ந்தெடுத்த தோல்; ஷூ அளவுக்குப் போதாத துண்டு; பர்ஸுக்குத் தாராளம். இதைத்தான் தலைப்பில் போட வேண்டும் என்றேன். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "மிச்சம்னு போட்டா எவன் தம்பி வாங்குவான்? நான் கடை நடத்தறேனா, கழிசல் விக்கிறேனா?" ஐந்நூறு ரூபாய் கண்முன்னே பறப்பதைப் பார்த்தேன். விலையைப் பார்த்துப் பயந்து திரும்பிய பெரியவரை நினைவுபடுத்தினேன். காரணம் சொல்லாத குறைந்த விலை சந்தேகத்தைத்தான் தருகிறது. மறைக்கிற சரக்கும் நல்ல சரக்கு. பிறகு ஏன் மறைக்க வேண்டும் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கடைப் பக்கம் போகாமல் இருந்தேன்.

இப்போது கிணற்றுக்கு வருகிறேன். எங்கள் தெருக் கிணற்றில் குடிக்க இறைப்பதை நான் பிறக்கும் முன்பே நிறுத்திவிட்டார்கள். உப்பு. வாளி கழுவ மட்டும் ஆகும். பாலாற்றங்கரையில் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே அதைச் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அதில் நிலைநாட்டியது. தோல் ஆலைகளுக்குத் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. இன்று இந்தியா முழுவதும் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு அது. 2025 ஜனவரியில் மறுபடியும் அதே நீதிமன்றம் பாலாற்று மாசுக்கு இழப்பீடு கொடுக்கவும், அதை மாசு செய்தவர்களிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது. அந்தத் தொழிலில்தான் என் தேர்வுக் கட்டணமும் வருகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்ற சொற்களை நான் எங்கே பார்த்து எழுதினேன்? பாலாற்றைப் பார்த்தா? கைப்பேசியைப் பார்த்து!

ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் நம் தமிழகத்தில் உண்டு. ஈ.ஐ. லெதர் என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாயிடம் இருப்பது அதுவா என்று சாயம் பூசாத துண்டுகளைப் பார்த்தேன். சில துண்டுகளின் வெட்டு முனையில், நார்களுக்கு நடுவே மெல்லிய சாம்பல் நீலம். குரோம்! நார் தெரியட்டும் என்று நான் திறந்து வைக்கச் சொன்ன அதே ஓரம், என் பொய்யையும் காட்டிக் கொடுக்கும். பொய்ப் பசுமை விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நெறிமுறை வெளியிட்டது எல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த வரியை அடித்தது அப்பா கேட்ட கேள்விக்காகத்தான்.

மூன்றாம் நாள் பாயே ஆள் அனுப்பினார். அந்த வரியை எடுத்துவிட்டேன் என்று சொன்னதும் என்னைச் சற்று நேரம் பார்த்தார். அவர் வீட்டுக் கிணறும் எங்கள் கிணறு மாதிரிதான். "எடுத்துடு" என்றார். மிச்சம் என்ற சொல்லுக்கு மட்டும் நெடுநேரம் பேரம் நடந்தது. கடைசியில் நோட்டீஸ் இப்படி அச்சாயிற்று:

'இந்த பர்ஸின் உள் மடிப்பில் ஓர் ஓரத்துக்குச் சாயம் பூசவில்லை. திருப்பிப் பாருங்கள். நார் தெரிந்தால் தோல். துணி தெரிந்தால் ரெக்சின். விலை ஏன் குறைவு? வெளிநாட்டு ஷூவுக்கு வெட்டிய தோலில் மிஞ்சிய துண்டு இது. ஷூ கப்பல் ஏறிவிட்டது. பர்ஸ் ஆம்பூரிலேயே இருக்கிறது. தோலில் குத்திய ஊசித் துளை மூடாது. ஆகவே ஒரே முறை, கவனமாகத் தைக்கிறோம்.'

அதன் கீழே, என்னைக் கேட்காமலே, 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று பாய் சேர்த்துவிட்டார். போகட்டும், கடை அவருடையது. ஐந்நூறு ரூபாயையும் குறைக்காமல் கொடுத்தார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு கடையில் இருந்தேன். வயதான அம்மாள் ஒருவர் நோட்டீஸை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். பர்ஸை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, உள் மடிப்பைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பாயைக் கேட்டார்:

"இதோட ஷூ எந்த நாட்டுக்குப் போச்சு?"

பாய் என்னைப் பார்த்தார். "அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன் நான்.