எந்த இடத்தில் மூட மனம் வரவில்லை?

நல்ல நாவல் ஒன்று சொல்லுங்கள் என்று வருகிறவரிடம், உங்களுக்கு எந்த வகை பிடிக்கும் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் சரித்திரம், க்ரைம், குடும்பம் என்று ஏதோ ஒரு பதில் வரும். எந்த அலமாரிக்குப் போகலாம் என்பதை அது சொல்லும். ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கடைசியாக ரசித்துப் படித்த நாவல் எது, அதில் எந்த இடத்தில் புத்தகத்தை மூட மனம் வரவில்லை என்றுதான் கேட்பேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அந்தப் பதிலுக்குள் அவர் அடுத்துப் படிக்க வேண்டிய நாவல் இருக்கும்.

மாதாமாதம் பத்திரிகையில் நாவல் அறிமுகம் எழுதுவதும், கிளை நூலகத்து வாசகர் வட்டத்தில் புத்தகம் கைமாற்றி விடுவதும் எனக்கு மிகப் பிடித்த வேலைகள். இந்த வேலையின் நுட்பம் முழுவதும் அந்த ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். அது தெரிந்துவிட்டால், ஒரே வகைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் வாசகரை அடுத்த வகைக்குத் தைரியமாக அழைத்துப் போகலாம். அண்மையில் படித்தவையும் மறுபடி படித்தவையுமாக என் மேசை மேல் கிடக்கும் சில நாவல்களை வைத்தே இதைச் சொல்கிறேன்.

முதலில் துப்பறியும் நாவல். சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ இன்றும் கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாத புத்தகம். சொத்துக்கு வாரிசாகப் போகும் லீனா என்ற இளம்பெண், பழைய வீடு, விளக்கம் சொல்ல முடியாத காட்சிகள், கொலை. வக்கீல் கணேஷும் ஜூனியர் வசந்தும் விசாரிக்க விசாரிக்க, இது ஆவியின் வேலையா விஞ்ஞானத்தின் வேலையா என்ற கேள்வி வலுத்துக்கொண்டே போகிறது.

இந்த மாதிரி நாவலுக்கு மதிப்புரை எழுதும்போது நிறைய வாயைக் கட்ட வேண்டும். முடிவைச் சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ‘எதிர்பாராத திருப்பம்’ என்று எழுதுவதும் கெடுதல்தான். அதைப் படித்தவர் திருப்பம் எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிடுவார், நடுவில் உள்ள எதுவும் அவர் கண்ணில் படாது. ஆகவே துப்பறியும் நாவலில் ஒன்றை மட்டும் அளந்து சொல்வேன்: ஆசிரியர் தடயங்களை நம் கண் முன்னால் நேர்மையாக வைத்தாரா, கடைசியில் சட்டைப் பையிலிருந்து எடுத்தாரா? இதைத் தெரிந்துகொள்ள, நாவலை முடித்த கையோடு முதல் சில அத்தியாயங்களை மறுபடி படிப்பேன். நேர்மையான நாவலில் முதல் முறை சாதாரணமாகத் தெரிந்த வாக்கியம் இரண்டாம் முறை வேறு பொருள் தரும். குறையையும் மறைப்பதில்லை. பெண்களைப் பார்த்து வசந்த் அடிக்கும் கமெண்ட்டுகள் இன்றைக்கு உறுத்துகின்றன. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், வாசகர் அதைத் தாண்டிப் போய்க் கதையைக் கவனிப்பார்.

இந்த வாசகருக்கு அடுத்து எதைக் கொடுப்பது? இன்னொரு கணேஷ்-வசந்த் கொடுக்கலாம், அது சுலபம். நான் பூமணியின் ‘வெக்கை’யைக் கொடுப்பேன். 1982இல் வந்த கரிசல் நாவல். கல்லூரிப் பாடத்தில் ‘வட்டார நாவல்’ என்ற தலைப்பின் கீழ் வைத்துவிட்டதால் க்ரைம் வாசகர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. ஆனால் நாவல் தொடங்குவதே ஒரு கொலையில்தான். சிதம்பரம் என்கிற பையன் நினைத்தது ஒன்று, அவன் கை அருவாள் செய்தது ஒன்று. அதற்குப் பிறகு அப்பா பரமசிவமும் அவனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிற நாட்கள்தான் முழு நாவலும். யார் கொன்றது என்பது முதல் பக்கத்திலேயே தெரியும். ஏன் கொன்றான், இனி என்ன ஆவான் என்ற இரண்டு கேள்விகள்தான் இழுத்துப் போகின்றன. ஒளிந்திருக்கும் இடத்தில் எதைப் பிடித்துச் சுடலாம், எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும் என்று அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பயத்துக்கு நடுவே ஒரு தகப்பனும் பிள்ளையும் நெருங்கி வருவதை இவ்வளவு அமைதியாகச் சொன்ன நாவல்கள் தமிழில் குறைவு. இதைத் தழுவி வந்த ‘அசுரன்’ படத்தைப் பார்த்தவர்களிடம், படத்தை மறந்துவிட்டு இதைப் படியுங்கள் என்பேன். படத்தில் சண்டை இருக்கும் இடத்தில் நாவலில் பேச்சு இருக்கிறது. பேச்சுவழக்கு முதலில் கொஞ்சம் தடுக்கும். முதல் பத்துப் பக்கங்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். காது பழகிவிட்டால் கண் தானாக ஓடும்.

சரித்திர நாவலுக்கு வருவோம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்தது. அதை யாருக்கும் புதிதாகப் பரிந்துரைக்க வேண்டியதில்லை. அதைப் படித்தவருக்கு என்ன சொல்வது என்பதுதான் வேலை. சரித்திர நாவலைப் பற்றி எழுதுகிறவருக்கு ஒரு கூடுதல் பொறுப்பு உண்டு. எது கல்வெட்டு, எது கற்பனை என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடைய ரவிதாசன் கல்கி உண்டாக்கிய ஆள் இல்லை. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டில் அவன் பெயர் இருக்கிறது. குந்தவையின் கணவராக வந்தியத்தேவர் பெயரும் தஞ்சைக் கோயில் கல்வெட்டில் உண்டு. ஆனால் நந்தினி முழுக்க முழுக்கக் கல்கியின் கற்பனை. இதைச் சொன்னால் நாவலின் மாயம் கலைந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். என் அனுபவம் வேறு. கல்வெட்டில் நாலு வரியாகக் கிடந்த செய்தியைச் சுற்றி ஒருவர் இத்தனை பெரிய மாளிகையைக் கட்டியிருக்கிறார் என்று தெரியும்போது வாசகரின் வியப்பு கூடத்தான் செய்கிறது.

‘பொன்னியின் செல்வ’னில் எந்த இடத்தில் மூட மனம் வரவில்லை என்று கேட்டால் பதில்கள் இரண்டாகப் பிரியும். சிலருக்கு அரண்மனைச் சூழ்ச்சி. யார் யாரோடு சேர்ந்தார்கள், அதிகாரம் எப்படிக் கை மாறியது என்பதில் அவர்கள் மனம் போகும். அவர்களுக்கு சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’. மாலிக் காஃபூர் படையெடுப்பில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அறுநூறு ஆண்டு மதுரை. 2011இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் நூல் என்பதால் ஒரு வழி சொல்லியே கொடுப்பேன். ஆரம்பத்தில் மன்னர்களும் போர்களும் வேகமாக வந்து போவார்கள், எல்லாப் பெயரையும் நினைவில் வைக்க முயல வேண்டாம். தாதனூர் என்ற ஊர் வந்ததும் நிதானமாகுங்கள். ஊர்க்காவலைத் தங்கள் உரிமையாக வைத்திருந்த மக்களிடமிருந்து வெள்ளைக்கார அரசின் போலீஸ் அந்தக் காவலைப் பறிக்கிற கதையின் பிடி அங்கேதான் இறுகுகிறது. கோட்டைச் சுவர் இடிபடும் பகுதியைப் படித்தவர் மதுரை வெளி வீதியில் பழையபடி நடக்க மாட்டார்.

இன்னும் சிலருக்கு வந்தியத்தேவன்தான் எல்லாம். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறானே, ஊர் தெரியாத, ஆள் தெரியாத அந்த இளைஞனின் பயணம்தான் அவர்களைக் கட்டிப்போட்டிருக்கும். இவர்களுக்கு மன்னர் கதை வேண்டியதில்லை, அலைகிற இளைஞன் வேண்டும். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைக் கொடுக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க்காலம், ஜப்பானியர் வசமான மேடான், பினாங்கு, தொழிலுக்காகக் கடல் கடந்துபோன தமிழர்கள், இந்திய தேசிய ராணுவம், இவற்றுக்கு நடுவே பாண்டியன். சிங்காரம் அந்த ஊர்களில் வாழ்ந்தவர். அதனால் மேடான் தெருவும் வட்டிக்கடையும் வரைபடம் பார்த்து எழுதியதாக இருக்காது. தொங்கான் என்ற மரக்கலம் ஒன்று புயலில் மாட்டும் பகுதியில் வாக்கியங்களே அலையோடு எழுந்து விழுகின்றன. ஒரு குறையும் சொல்லி வைப்பேன்: நடுவில் பாண்டியனும் நண்பர்களும் தமிழர் பெருமை சிறுமை பற்றி நெடுநேரம் வாதம் செய்வார்கள். பொறுமை போனால் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டுப் பிறகு திரும்பி வரலாம். 1972இல் வெளிவந்து நெடுங்காலம் கவனிக்கப்படாமல் கிடந்த நாவல் இது. வாய்வழியாக ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே நிலைத்தது. பரிந்துரைக்கு என்ன பலம் என்று யாராவது கேட்டால் இந்த நாவலைக் காட்டுவேன்.

விஞ்ஞானக் கதை வாசகர்களுக்கு சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது அது காட்டிய எதிர்காலம் இப்போது நாம் தாண்டிவிட்ட காலம். ஆகவே மதிப்புரைகளில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்ற கணக்கு அடிக்கடி வருகிறது. விஞ்ஞானக் கதையை அந்தக் கணக்கில் அளப்பது நியாயமில்லை. அது நாளைக்கு நடப்பதைச் சொல்வதாக வாக்குக் கொடுக்கவில்லை. இன்றைக்கு இருக்கும் ஒரு பயத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதாகத்தான் வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த நாட்டில் எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். குழந்தை பெற்றுக்கொள்ள அரசு அனுமதிக்க வேண்டும். நாயகி நிலாவின் வீட்டுக்கு வந்து சேரும் ஜீனோ என்ற இயந்திர நாய் மனிதர்களைவிடச் சுதந்திரமாகச் சிந்திக்கிறது.

குழந்தை பெற அரசின் அனுமதி தேவைப்படும் நிலாவின் நிலைமை ஒருவரைப் பாதித்திருந்தால், பெருமாள்முருகனின் ‘மாதொருபாக’னை அவர் கையில் கொடுப்பேன். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் காளியும் பொன்னாவும் மனமொத்த தம்பதி. குழந்தை இல்லை. ஒரு நாவலில் பெண்ணின் வயிற்றை அரசு கண்காணிக்கிறது, இன்னொன்றில் ஊர் கண்காணிக்கிறது. இவற்றை அடுத்தடுத்துப் படித்தவர்கள் வாசகர் வட்டத்தில் பேசிய அளவுக்கு நான் எழுதிய எந்த மதிப்புரையிலும் சொல்ல முடிந்ததில்லை. ‘மாதொருபாகன்’ என்றதும் சர்ச்சைதான் பலருக்கு நினைவு வருகிறது. காளி தன் தொண்டுப்பட்டியில் ஆடுமாடுகளோடு இருக்கும் பக்கங்களை முதலில் படித்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

ரமணிசந்திரன் நாவல்களை விடாமல் படிக்கும் அக்காக்கள் எங்கள் வட்டத்தில் உண்டு. இலக்கியம் பேசுகிறவர்கள் இவர்களை ஒதுக்கிவிட்டுப் பேசும்போது எனக்குக் கோபம் வரும். ஒரு பெண் விரும்பியவரோடு சேர எத்தனை தடைகளைத் தாண்ட வேண்டும் என்பதை அக்கறையோடு பின்தொடர்கிற வாசகர்கள் அவர்கள். அந்த அக்கறைக்கு ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) முழுமையாகப் பதில் சொல்லும். பழைய பெருமை பேசும் குடும்பத்துப் பெண் லிஸி, பனையேறிக் குடும்பத்துத் தங்கராஜ், வருடக்கணக்காகப் பேசாமலே காத்திருக்கும் காதல். சிறிய நாவல். படித்து முடித்த ஓர் அக்கா, இதில் யாருமே சத்தம் போட்டு அழவில்லையே, நமக்கு மட்டும் ஏன் தொண்டையை அடைக்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்விதான் நல்ல விமர்சனம்.

அதற்கு அடுத்து இமையத்தின் ‘செல்லாத பணம்’. இதை யாருக்கும் எச்சரிக்கை இல்லாமல் கொடுப்பதில்லை. பெற்றோர் விருப்பத்தை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட ரேவதி தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கிறாள். தலைமையாசிரியரான அப்பாவிடம் பணம் இருக்கிறது. அந்தப் பணத்தால் வாங்க முடியாத ஒன்றுக்காக எல்லோரும் வார்டு வாசலில் காத்திருக்கிறார்கள். பெரும்பகுதி வெறும் பேச்சு: அழுகை, பழி, சாபம், டீ வாங்கி வரச் சொல்வது. ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவைக் கழித்த எவருக்கும் இது உண்மை என்று தெரியும். வீட்டில் அண்மையில் துக்கம் நடந்தவருக்கு இதைக் கொடுக்க மாட்டேன். அவருக்கு தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’. அதுவும் ஒரு சாவிலிருந்து தொடங்குவதுதான். ஆனால் காரு மாமாவின் சாவுக்கு வந்து கூடும் உறவுகள் பழைய நினைவுகளைப் பேசிப் பேசி ஒருவரை ஒருவர் திரும்பக் கண்டுபிடிக்கிறார்கள். எது நல்ல நாவல் என்பது ஒரு கேள்வி, இந்த நேரத்தில் இந்த மனிதருக்கு எது என்பது வேறு கேள்வி. மதிப்புரைக்கு முதல் கேள்வி போதும். பரிந்துரைக்கு இரண்டும் வேண்டும்.

எழுதும்போது நான் கடைப்பிடிக்கும் முறைகள் சில. கதையில் முதல் கால் பங்குக்கு மேல் சொல்வதில்லை. எத்தனை பக்கம், எந்த வட்டாரப் பேச்சு, எங்கே மெதுவாகும் என்பதைக் கட்டாயம் சொல்வேன். பாராட்டுச் சொல் எழுதினால் அதற்குக் காரணமான காட்சி அடுத்த வரியிலேயே வர வேண்டும். காட்சி கிடைக்காவிட்டால் பாராட்டை அடித்துவிடுவேன். ‘படித்திருக்கிறீர்களா?’ என்று ஒரு நூலுக்குத் தலைப்பு வைத்த க.நா.சு. நம் மொழியில் இந்த வேலைக்கு முன்னோடி. அந்தத் தலைப்பில் பண்டிதத் தோரணை இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கிற குரல் இருக்கிறது. அந்தக் குரலில் எழுத வேண்டும் என்பதே என் ஆசை.

நீங்களும் யாருக்காவது ஒரு நாவலைக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் அவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். அவர் படித்துவிட்டு வந்து எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் வருத்தப்பட வேண்டாம், எந்த இடத்தில் பிடிக்காமல் போனது என்று கேளுங்கள். அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க அந்தப் பதில் இன்னும் நன்றாக உதவும்.