சதுரானன பண்டிதர்கள்

எனக்கு வைத்தது தாத்தாவின் பேர். மாமனார் பேரை வாயெடுத்துச் சொல்லக்கூடாது என்று அம்மா என்னைச் ‘சின்னவனே’ என்றுதான் கூப்பிடுவாள்.

எண்ணூர்ப் பக்கம் ஷிப்டு முடிந்து வரும் தாத்தா, வெள்ளிக்கிழமைகளில் குளித்து நீறு பூசி என்னைத் திருவொற்றியூர்க் கோயிலுக்குக் கூட்டிப்போவார். வடிவுடையம்மன் சந்நிதியில் கூட்டம் நெரியும். கும்பிட்ட கையோடு அவர் ஆதிபுரீசுவரர் கருவறைக்குப் பின்னால் வந்துவிடுவார். தூங்கானை மாடம், பின்சுவர் வளைந்து போகும். எழுத்து வெட்டிய பள்ளங்களில் எண்ணெய்ப் பிசுக்கு இறங்கியிருக்கும். விரலை வைத்து வரிவரியாக ஓட்டுவேன்.

தக்கோலம் கதையை அங்கேதான் கேட்டேன். 949இல் ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேலேயே மாண்டான். அவனுக்கு உற்றவனான சேர நாட்டு வீரன் ஒருவன் அன்று பக்கத்தில் இல்லை. கூடச் சாகாமல் போனோமே என்ற துயரம் அவனை விடவில்லை. கங்கையாடி, ஒற்றியூர் வந்து, நிரஞ்சன குருவிடம் துறவு பெற்றுச் சதுரானன பண்டிதர் ஆனான். இதைச் சொல்லும் வடமொழிக் கல்வெட்டில் போட்டிருப்பது அதே கிருஷ்ணனின் 20ஆம் ஆட்சியாண்டு. தலைவனைப் பறித்தவனின் ஆண்டுக் கணக்கில்தான் தன் துயரத்தை எழுதிவைக்க நேர்ந்தது. இந்த இடத்தில் தாத்தாவுக்குக் குரல் கம்மிவிடும்.

அப்புறம் ராஜேந்திர சோழன் காலத்துக்கு வருவார். சதுரானன பண்டிதர் சொல்லி, வீரசோழத் தச்சன் என்ற ரவி இந்த விமானத்தைக் கருங்கல்லில் எழுப்பினாராம்.

“அவரு அதுக்குள்ள செத்திருப்பாரே தாத்தா?”

“அவரு வேற, இவரு வேறடா. மடத்துத் தலைவருங்களுக்கு அதே பேரு. உனக்கு எம்பேரு இல்லியா?”

இரண்டாம் ராஜாதிராஜன் பங்குனி விழாவில் இங்கே அமர்ந்து சுந்தரர் கதை கேட்டபோதும் உடனிருந்தவர் ஒரு சதுரானன பண்டிதர். தக்கோலத்துக்கு இருநூறு ஆண்டுக்கு மேல் கழித்து!

ராஜேந்திரன், ராஜாதிராஜன் என்று அரசர் பேரும் திரும்பத் திரும்ப வந்ததுதான். அவர்களை முதலாம், இரண்டாம் என்று பிரித்து வைத்துவிட்டோம். பண்டிதர்களுக்கு அந்த எண்கூட இல்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு. முதல்வருக்காவது அவர் துயரம் கல்லில் நின்றது. இந்த விமானத்தைச் செதுக்கிய தச்சனுக்கு ரவி என்ற சொந்தப் பேர் நிலைத்துவிட்டது. அதைக் கட்டச் சொன்னவருக்கோ மடத்தின் பேர் மட்டும்தான்.