முதல் வருஷம், நாற்பது வயது

அக்டோபர் 24

எழுதி வைக்கத் தோன்றுகிறது. இல்லையென்றால் இந்த நாள்கள் பஸ்ஸுக்கும் அடுப்படிக்கும் நடுவில் காணாமல் போய்விடும்.

இன்று டிசெக்‌ஷன் ஹாலில் முதல் நாள். மேசையைச் சுற்றி நின்று உறுதிமொழி எடுத்தோம்: உடலைக் கொடுத்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் மரியாதை தவறமாட்டோம் என்று. பக்கத்தில் நின்ற பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். 18 வயது. விரல்கள் சில்லென்று இருந்தன.

ஐசியுவில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தபோது எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி அனுப்பியிருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது, கேஸ் ஷீட் இருந்தது, வெளியே அழுவதற்கு ஆள் இருந்தார்கள். பெயர் தெரியாத ஒருவர் முன்னால் இன்றுதான் நின்றேன். கண் தானாக அவர் புறங்கையில் வெயின் எங்கே என்று தேடியது.

அக்டோபர் 25

மகனுக்குக் காய்ச்சல். போகவில்லை.

நவம்பர் 4

தீபாவளிக்கு அதிரசம், முறுக்கு எல்லாம் அத்தை ஒற்றை ஆளாகச் செய்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கியல் பிளெக்சஸ் வரைந்துகொண்டிருந்தேன். தண்டுவடத்திலிருந்து ஐந்து வேர்கள் கிளம்பிப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து கைக்கு இறங்குகின்றன. ஐந்தாறு தடவை வரைந்தும் ஒரு கிளை தப்பிப் போயிற்று. உடன் படிக்கும் பிள்ளைகள் ஒருமுறை பார்த்தாலே வரைந்துவிடுகிறார்கள்.

தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80 சதவீதம் வருகை வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதற்குக் கணக்கில் இடமில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், அது புரிகிறது. ஆனால் அதை எழுதியவர்கள், சாயங்காலம் வீட்டில் யாரும் காத்திருக்காத ஒரு மாணவனைத்தான் மனதில் வைத்திருந்தார்கள்.

நவம்பர் 19

பாபநாசம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா என் மடியிலிருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்து, "பொண்ணு மெடிக்கல் காலேஜா?" என்று கேட்டார். நான்தான் படிக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெல்ல ஆரம்பித்தார். அவர் மகன் ரெண்டாவது தடவையும் நீட் எழுதியிருக்கிறான், சில மார்க்கில் சீட் போய்விட்டது. கோச்சிங்குக்கு வளையலை அடகு வைத்திருக்கிறார்கள்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. எம்மவன் படிச்சு வந்தா முப்பத்தஞ்சு வருஷம் வைத்தியம் பாப்பான். நீங்க எத்தனை வருஷம் பாப்பீங்க?"

குரலில் கோபமே இல்லை. கோபமாக இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். இறங்கும்போது "நல்லா படிங்க" என்று என் முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனார்.

ராத்திரி தூக்கமில்லை. நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். முடிக்கும்போது 45 தாண்டியிருக்கும். அரசு வேலை கிடைத்தாலும் 60-ல் ஓய்வு. வயது வரம்பை 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் எடுத்துவிட்டது; 17 முடிந்தால் போதும், மேலே எல்லை கிடையாது. சட்டப்படி இது என் சீட்தான். அந்த அம்மா கேட்டது சட்டத்தை அல்ல.

என் கணவரிடம் சொன்னேன். "நீ மார்க் வாங்கித்தான போன" என்றார். அது பதிலாகப் படவில்லை.

நவம்பர் 27

மழை. பஸ் ஓடவில்லை.

டிசம்பர் 8

மேரி ஷார்லிப் பற்றிப் படித்தேன். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவர். அப்போது அவருக்கு 30 வயது, கணவர் வக்கீல், மூன்று பிள்ளைகள். ஆண் டாக்டரிடம் காட்டிக்கொள்ள முடியாமல் பெண்கள் பிரசவத்தில் படும் பாட்டைக் கேள்விப்பட்டுப் படிக்க வந்தவர். இங்கே 1878-ல் தேறி, லண்டன் போய் 1882-ல் பட்டம் வாங்கித் திரும்பினார். அவர் முயற்சியில் 1885-ல் தொடங்கியதுதான் கோஷா ஆஸ்பத்திரி, திருவல்லிக்கேணியில் இன்றைக்குக் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. எத்தனை லட்சம் பிள்ளைகள் அங்கே பிறந்திருக்கும்!

அந்த மூன்று பிள்ளைகளுக்கும் சோறு ஊட்டியது யார்? தூங்க வைத்தது யார்? நான் படித்ததில் அந்தப் பெயர் இல்லை.

அத்தைக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. மாடிக்கு ஏறித் துணி காயப்போட வேண்டாம் என்றேன். "யாரு போடுவா?" என்றார்கள். சும்மாதான் கேட்டார்கள்.

ஜனவரி 22

இன்று நல்ல நாள். விவரமாக எழுதுகிறேன்.

புட்டத்தில் ஊசி என்றால் நான்காகப் பிரித்து மேலே, வெளிப்பக்க மூலையில் போட வேண்டும். நர்ஸிங் முதல் வருஷத்தில் சொல்லிக் கொடுத்தது. ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறேன். இன்று க்ளூட்டியஸ் மாக்சிமஸ் தசையை அறுத்து ஒதுக்கினோம். அடியில் சியாட்டிக் நர்வ், என் கட்டைவிரலை விடத் தடிமன், வெளேரென்று இறங்கிப் போகிறது. நாங்கள் ஒதுக்கிப் போடும் மூலையில் மட்டும் அது இல்லை. பிள்ளைகள் அடுத்த தசைக்குப் போய்விட்டார்கள். நான் நின்றுவிட்டேன்.

எங்கேயோ ஊசி போட்டுக்கொண்டு, ஒரு பாதம் தொங்கியபடி தூக்கி வரப்பட்ட சிறுவன் ஞாபகம் வந்தான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "ஏன் சிஸ்டர் இப்படி ஆச்சு?" என்றாள். "டாக்டரைக் கேளுங்கம்மா" என்றேன். அந்த வார்டில் என்னால் அதைத்தான் சொல்ல முடியும். அத்தனை வருஷமும் அதையேதான் சொன்னேன்.

பிப்ரவரி 16

பயோகெமிஸ்ட்ரி இன்டர்னலில் பாதிகூட வரவில்லை. மகள் பாப்பாவுக்கு ரிவிஷன் தேர்வில் கணக்கு குறைந்திருக்கிறது. அவளுக்கு இது பத்தாம் வகுப்பு.

பிப்ரவரி 17

விட்டுவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். கேட்டபடி சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸி சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்கவில்லை.

மார்ச் 28

பாப்பாவுக்கு முதல் பரீட்சை, தமிழ். தயிர்சாதம் ஊட்டிவிட்டது அத்தை. பஸ்ஸிலிருந்து போன் செய்தேன். "நல்லா எழுதுவேம்மா, நீ கிளாஸுக்குப் போ" என்றாள்.

மே 19

பாப்பா பாஸ். நல்ல மார்க். அறிவியலில்தான் அதிகம்.

பதினொன்றாம் வகுப்பில் பயாலஜி குரூப் எடுப்பாள் என்று நானாக நினைத்திருந்தேன். காமர்ஸ் என்றாள். அவர் ஏன் என்று கேட்டார்.

"ஆறு மணிக்கு வீட்டுக்கு வர்ற வேலைக்குப் போகணும்ப்பா" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பாராமலும் சொல்லவில்லை.

மே 21

பள்ளியில் அவரே கையெழுத்துப் போட்டுச் சேர்த்துவிட்டு வந்தார். காமர்ஸ் குரூப்தான். எனக்கு இன்று ஃபிசியாலஜி பிராக்டிகல் இருந்தது.