தண்ணி கேன் வாங்கப் போன கதை

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு அண்ணனிடமிருந்து போன். எங்கள் குடும்பத்தில் அந்த நேரத்துக்குப் போன் வந்தால் இரண்டே அர்த்தம்தான். ஒன்று, யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இல்லை, காஸ் தீர்ந்துவிட்டது.

"உடனே கிளம்பி வா. போன்ல பேசற விஷயம் இல்லை."

நங்கநல்லூர் போய்ச் சேர்ந்தேன். ஹாலில் டீப்பாய் மேல் பேப்பர் விரித்து, அதன் மேல் தீப்பெட்டி சைஸில் ஒரு பொட்டலம். அண்ணன் அதைப் பாம்புக்குட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். பையனின் ஜீன்ஸ் பாக்கெட்டில் இருந்ததாம். இன்ஜினீயரிங் முதல் வருஷம். வயசு பதினேழு.

"காயவெச்ச துளசின்னு நினைச்சேன் தம்பி. சளிக்குக் கஷாயம் போடலாம்னு அடுப்புல தண்ணிகூட வெச்சுட்டேன்" என்றார் அண்ணி.

நல்லவேளை, அண்ணன் மோந்து பார்த்திருக்கிறார். இல்லாவிட்டால் ஒரு குடும்பமே காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும். அந்த வாசனை அண்ணனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அண்ணி கேட்டிருப்பார்.

முந்தின ராத்திரியே விசாரணை முடிந்திருந்தது. விசாரணை என்றால், அண்ணன் ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறார், பையன் தரையைப் பார்த்திருக்கிறான். ஒரே இழுப்பில் பைத்தியம் பிடிக்கும், ஒரே மாசத்தில் நடுத்தெரு, இத்யாதி. கடைசியில் "நான் வாங்கின எஜுகேஷன் லோன் என்னாவறது?" என்று அவருக்குள் இருக்கும் பாங்க் ஆபீஸரும் எட்டிப் பார்த்தார் போலிருக்கிறது.

"நீ பேசுடா. உன் பேச்சைக் கேப்பான்."

அப்பாக்களால் பேச முடியாததைப் பேசத்தானே கடவுள் சித்தப்பாக்களைப் படைத்திருக்கிறார்!

தண்ணி கேன் வாங்குகிற சாக்கில் அவனை பைக்கில் ஏற்றிக்கொண்டேன். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அவன் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவனுக்குத் தெரியாது. சோபாவில் எதிரெதிரே உட்கார்ந்தால் வராத வார்த்தையெல்லாம் பைக்கில் வரும். ஒரே தொந்தரவு, ஹெல்மெட். வேளச்சேரி சிக்னலில், "என்ன சித்தப்பா, கேக்கலை" என்றான். "கஞ்சா எப்போ ஆரம்பிச்சே?" என்று கத்திவிட்டேன். பக்கத்து ஆட்டோ மாமி மறுபக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

பெசன்ட் நகர் பீச். ஆளுக்கு ஒரு டீ.

"ஏன்டா?"

"சும்மாதான்."

அண்ணனாக இருந்தால் இந்தச் 'சும்மா'வில் கோபம் வந்து, பேச்சு அதோடு முடிந்திருக்கும். நான் டீ குடித்தேன். இரண்டாவது டீயும் குடித்தேன். அப்புறம் அவனே ஆரம்பித்தான்.

இன்டர்னல்ஸ் முடிந்த அன்றைக்கு சீனியர் ரூமில் வட்டமாக எட்டு பேர். கைமாறிக் கைமாறி இவனிடம் வந்ததாம். "எல்லாரும் என்னையே பாக்கறாங்க. மூணு செகண்ட்தான் சித்தப்பா. வேணாம்னு சொல்ல அது பத்தலை."

அந்த மூணு செகண்டை அமெரிக்காவில் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். 2005ல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியல்காரர்கள், கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தால், பதின்மூன்றிலிருந்து பதினாறு வயசுப் பசங்கள் தனியாக ஆடுவதைவிட அதிக ரிஸ்க் எடுத்தார்கள். இருபத்துநாலு தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசமே இல்லை. நம் வீட்டு லெக்சர் எல்லாம் பையன் தனியாக இருக்கும்போது நடக்கிறது. சமாசாரம் நடப்பது எட்டு பேர் நடுவில்.

"ஒண்ணும் ஆகலை சித்தப்பா. சிரிப்பு வந்துது, பசிச்சுது, அஞ்சு பரோட்டா சாப்பிட்டேன். அப்பா சொல்ற மாதிரி பைத்தியமெல்லாம் பிடிக்கலை."

அண்ணன் தோற்றது இங்கேதான். 1987ல் அமெரிக்க டி.வி.யில் ஒரு விளம்பரம் வந்தது. முட்டையைக் காட்டி 'இது உன் மூளை', அதையே சூடான வாணலியில் உடைத்து 'இது போதையில் உன் மூளை'. ரொம்பப் பிரபலம். ஆனால் ஒரு தடவை இழுத்துவிட்டு மறுநாள் மேத்ஸ் கிளாஸில் உட்கார்ந்த பையனுக்கு அது வெறும் ஆஃப்பாயில்! ஒன்று பொய் என்று தெரிந்ததும் மிச்ச நிஜத்தையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுகிறான்.

"நானும் அடிச்சிருக்கேன்டா" என்றேன்.

டீ கிளாஸ் அப்படியே நின்றது.

"2006. திருச்சி, ஹாஸ்டல் மொட்டைமாடி. மூணு தடவை. மூணாவது தடவை நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு, செத்துடுவேன்னு விடிய விடிய உக்காந்திருந்தேன். அதோட விட்டேன். வீரத்தால இல்லை, பயத்தால."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"நீ சொன்னாத்தான்."

அப்புறம் சரளமாக வாதம் பண்ணினான். காசியில் அரசு லைசென்ஸோடு பாங்க் கடை இருக்கிறதே? கனடாவில் 2018லேயே சட்டபூர்வமாக்கிவிட்டார்களே? ஆமாம்டா, கனடாவிலும் உன் வயசுக்குக் கிடையாது. பதினெட்டு, பத்தொன்பது ஆகணும், கியூபெக்கில் இருபத்தொண்ணு. மூளை இருபத்தைந்து வயசு வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. டீன் ஏஜில் தொடங்குகிறவர்களில் சுமார் ஆறு பேரில் ஒருத்தரால் அப்புறம் விட முடிவதில்லை. அப்படி ஆனாலும் வழி இருக்கிறது, 14446 என்று மத்திய அரசின் இலவச எண்ணே வைத்திருக்கிறார்கள்.

"நான் நாலு தடவைதான். பொட்டலம் என்னோடது இல்லை, ஹாஸ்டல்ல செக்கிங்னு ஃப்ரெண்ட் குடுத்து வெச்சான்."

"போலீஸ் பிடிச்சா உன் பாக்கெட்டுல இருக்கறது உன்னோடதுதான். துளியூண்டு இருந்தாலும் ஒரு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம்."

இதெல்லாம் எந்தச் சித்தப்பாவும் சொல்லக்கூடியதுதான். எனக்கு நெஞ்சுக்குள் உறுத்தினது வேறு.

"கும்பகோணம் வீட்டுல கொல்லை ரூம் ஒண்ணு பூட்டியே கிடக்குமே, ஞாபகம் இருக்கா?"

"ஸ்டோர் ரூம்."

"அங்க ஒருத்தர் இருந்தார். உனக்குச் சின்னத் தாத்தா."

சொன்னேன். பி.எஸ்ஸி. படிக்கும்போது யாரோ காதில் பேசுவதாகச் சொல்ல ஆரம்பித்தார். திருஷ்டி என்றார்கள், கோயில் கோயிலாக அழைத்துப் போனார்கள். டாக்டரிடம் போனது ரொம்ப லேட். எனக்கு எட்டு வயசாகும்போது அந்த ரூமிலேயே இறந்துபோனார். அவர் பீடிகூடத் தொட்டதில்லை. ஆனால் இந்த வியாதி ரத்த சொந்தத்தில் இருக்கிற குடும்பத்துப் பையனுக்குக் கஞ்சா மற்றவர்களைவிட அதிக ஆபத்து. எட்டு பேர் வட்டத்தில் ஏழு பேருக்கு அது சிரிப்போடு போகலாம். இவனுக்கும் அப்படியே போகும் என்று நினைத்துக்கொள்ள முடியாது.

"ஏன் யாரும் என்கிட்ட சொல்லலை?"

"அத்தைக்கு வரன் பாக்கும்போது மறைச்சாங்க. அப்புறம் மறைச்சே பழகிடுச்சு."

ரொம்ப நேரம் அலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாக, "அடிச்ச அன்னிக்கு ராத்திரியெல்லாம், பின்னாடி யாரோ வர்ற மாதிரியே இருக்கும் சித்தப்பா. அது எல்லாருக்கும் வரும்னு பசங்க சொன்னாங்க" என்றான்.

பலருக்கு வருவதுதான். ஆனாலும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாளைக்கே ஒரு மனநல டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். உடனே சரி என்றான். அவன் சரி என்ற வேகம் இன்னும் பயமாக இருந்தது.

வீட்டு வாசலிலேயே அண்ணன். பொட்டலம் டாய்லெட்டுக்குப் போயிருந்தது.

"என்னடா சொன்னே அவன்கிட்ட?"

"கொல்லை ரூம் சித்தப்பாவைப் பத்தி."

முகம் சிவந்துவிட்டது. "யாரைக் கேட்டுடா சொன்னே?"

நான் பதில் பேசவில்லை. சின்ன வயசில் தினமும் சாப்பாட்டுத் தட்டை அந்தக் கதவுகிட்ட வைத்துவிட்டு ஓடி வந்தது அண்ணன்தான். அதைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"அப்பா, எனக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான் பையன்.

உள்ளேயிருந்து அண்ணி, "கேன் எங்க தம்பி?" என்றார். சுத்தமாக மறந்துபோயிருந்தது.

அண்ணன் என் கையிலிருந்து பைக் சாவியைப் பிடுங்கினார். அவர் பைக் தொட்டு ஆறேழு வருஷம் இருக்கும். "ஏறுடா" என்றார்.

இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். இவர்களிடமும் கேன் இல்லை. அண்ணி இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. குழாய்த் தண்ணியைப் பிடித்துக் காய்ச்ச அடுப்பில் வைத்தார்.