டொக்டர் கேட்ட கேள்வி



என் நெஞ்சின் நடுவே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. கண்டவர்கள் முதலில் "ஷெல் பட்டதோ?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் தழும்பு என்றால் அப்படித்தானே நினைப்பு. இது 2015ஆம் ஆண்டு கொழும்பு தேசிய வைத்தியசாலையில் எனக்குச் செய்த இருதயச் சத்திரசிகிச்சையின் தழும்பு.

வருத்தம் தொடங்கியது 1991இல். அப்போது எனக்கு 14 வயது. தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து மாறிச் சில கிழமையில் முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீங்கின. மூட்டுவாதக் காய்ச்சல் என்றார்கள். மூட்டு நோ போய்விடும், ஆனால் இருதய வால்வைப் பழுதாக்கும், ஆகையால் மாதாமாதம் பெனிசிலின் ஊசியைப் பல வருடம் விடாமல் போட வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். நான்கு வருடம் போட்டேன். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு கிளினிக் கொப்பியும் போயிற்று, ஊசியும் போயிற்று. வன்னியில் வந்து குடியேறிய பிறகாவது கேட்டிருக்கலாம். நோ ஒன்றும் இல்லைத்தானே என்று விட்டுவிட்டேன். (உங்கள் பிள்ளைக்குத் தொண்டை நோவுக்குப் பின் மூட்டு வீங்கினால் எண்ணெய் பூசிக்கொண்டு வீட்டில் வைத்திருக்காதீர்கள்.)

மகனை வயிற்றில் சுமந்தபோது மூச்சு வாங்கியது. 2009இல் செட்டிகுளம் முகாமில் தண்ணீர் வாளியுடன் பத்தடி நடக்க முடியவில்லை. பயத்தாலும் பசியாலும் என்று நினைத்தேன். அந்த வருடம் மே மாதத்துக்குப் பிறகு என் கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. 2014 முடிவில் நிமிர்ந்து படுக்கவே முடியாமல், இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தபடி இரவுகளைக் கழித்தேன்.

பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டுத் தங்கச்சியுடன் கொழும்புக்குப் போனேன். அது மருத்துவ மாணவர்கள் படிக்கிற போதனா வைத்தியசாலை. காலையில் பெரிய டொக்டர் வருவார், பின்னால் வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் வருவார்கள். ஒவ்வொருவராக என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்பார்கள். முதல் நாள் வெட்கத்தில் அழுகை வந்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் என்னைப் பற்றியே பேசுகிறார்கள், எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. இரண்டாம் நாள் அந்தக் கூட்டத்தில் இருந்த மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தியின் கையைப் பிடித்து, "தங்கச்சி, என்ன கதைக்கினம்?" என்று கேட்டேன்.

அன்று பின்னேரம் அவள் தனியாக வந்து கட்டிலில் இருந்தாள். கொப்பியில் இருதயத்தைக் கீறிக் காட்டினாள். இரண்டு அறைகளுக்கு இடையில் உள்ள மைட்ரல் வால்வு தடித்து, சுண்ணாம்பு படிந்து சுருங்கிவிட்டதாம். இரத்தம் நுரையீரல் பக்கம் தேங்குவதால்தான் மூச்சு முட்டுகிறதாம். சிலருக்குத் தொடை நரம்பு வழியாகப் பலூன் விட்டு விரிப்பார்களாம், எனக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது. நெஞ்செலும்பைப் பிளந்து, இருதயத்தை நிறுத்தி, புது வால்வு தைக்க வேண்டும்.

"நிறுத்தினால் செத்துப்போவேனே!" என்றேன். அவள் சிரித்தாள். அந்த நேரம் இரத்தத்தை ஒரு மெஷின் சுற்றிவிடுமாம். அமெரிக்காவில் கிபன் என்ற டொக்டரும் அவருடைய மனைவி மேரியும் சேர்ந்து பல வருடம் பாடுபட்டுச் செய்த மெஷினாம். 1953 மே 6ஆம் திகதி பிலடெல்பியாவில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அதன் உதவியோடு முதலில் பிழைத்தது 18 வயதுப் பெண்பிள்ளை. 26 நிமிடம் அவளுடைய இருதயத்தினதும் நுரையீரலினதும் வேலையை மெஷின் செய்ததாம். ஏனோ தெரியாது, முதலில் பிழைத்தது ஒரு பெண் என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

மறுநாள் டொக்டர் அவளை அருகில் வைத்துக்கொண்டு பேசினார். உலோக வால்வு வைத்தால் நீண்ட காலம் நிற்கும், ஆனால் இரத்தம் கட்டியாகாமல் இருக்க வோர்பரின் குளிசை சாகும்வரை போட வேண்டும். மிருகத்தின் இழையத்தால் செய்த வால்வு வைத்தால் அந்தக் குளிசை வாழ்நாள் முழுக்கத் தேவைப்படாது, ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் பழுதாகி மறுபடி வெட்ட வேண்டி வரலாம். பிறகு அவர் ஏதோ கேட்டார். அந்தப் பிள்ளை உடனே சொல்லவில்லை. குனிந்து, மெதுவாக, "அக்கா, இனியும் பிள்ளை பெற விருப்பமா எண்டு கேக்கிறார். வோர்பரின் வயித்தில இருக்கிற பிள்ளையைப் பாதிக்கும்" என்றாள்.

எனக்கு 38 வயது. "இல்லை" என்று சொல்வது ஒரு சொல்தான். ஆனால் அதைச் சொன்னால் அவர் திரும்பி வரமாட்டார் என்று நானே என் வாயால் சொன்ன மாதிரி ஆகிவிடுமே. ஆறு வருடமாக ஒரு விண்ணப்பப் படிவத்திலும் 'விதவை' என்று எழுதாதவள் நான். டொக்டர் அவசரப்படுத்தவில்லை. "நாளைக்குச் சொல்லலாம்" என்றார்.

இரவு முழுக்க யோசித்தேன். மகளுக்கு 16, மகனுக்கு 12. இன்னொரு தடவை வெட்டுவது என்றால் அப்போது அம்மா இருப்பாவா? காலையில் உலோக வால்வு என்றேன். "அவர் வந்தால் நான் உயிரோட இருக்கிறது காணும் எண்டு சொல்லு தங்கச்சி" என்றேன். அவள் அதை எப்படி மொழிபெயர்த்தாள் என்று தெரியாது. டொக்டர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். ஒப்புதல் படிவத்தில் நானே கையெழுத்து வைத்தேன்.

சத்திரசிகிச்சை எனக்கு ஞாபகம் இல்லை. கண் விழித்தபோது தொண்டையில் குழாய், பேச முடியாது. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமப் பழக்கினார்கள், அதுதான் பெரிய வேதனை. எலும்பு பொருந்தும்வரை மூன்று மாதம் கிணற்றில் அள்ளக்கூடாது என்றார்கள். மகள் அள்ளினாள். மருந்துக்கும் வெட்டுக்கும் ஒரு சதமும் எடுக்கவில்லை, அரசாங்க ஆஸ்பத்திரி.

இப்போது மாதம் ஒரு தடவை கிளிநொச்சிக்குப் போய் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனை. எனக்கு அது 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். வல்லாரை, முருங்கையிலையை விட வேண்டியதில்லை, ஒரு கிழமை நிறையவும் மறுகிழமை ஒன்றுமில்லாமலும் தின்னக்கூடாது. கேட்காமல் நோக்குளிசை போடுவதில்லை. பல் பிடுங்கப் போனாலும் வால்வு இருக்கிறதை முதலில் சொல்லிவிடுவேன்.

இரவில் வீடு அடங்கினால் நெஞ்சுக்குள் டிக், டிக் என்று கேட்கும். முன்பு மகன், "அம்மா, உங்கட மணிக்கூடு ஓடுது" என்று பகிடி பண்ணுவான். நாளைக்குக் கிளினிக். ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கொப்பியைப் பொலித்தீனில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன், இந்தக் கொப்பியைத் தொலைக்க மாட்டேன்.